ஜூம் கூட்டத்துக்குப் பின்னணி மியூசிக் போடப் போறீங்களா? முதல்ல இதைப் பாத்துக்குங்க

வாசிப்புக் குழு, தியானக் குழு, சேர்ந்து உக்காந்து படிக்கற குழு, வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு, சித்தப்பாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு மொத்தக் குடும்பமும் ஜூம்ல கூடறது, இப்படி எதையாவது புதுசா நடத்த ஆரம்பிச்சவங்க கொஞ்ச நாள்லயே கேக்கற கேள்வி, "பின்னாடி லேசா மியூசிக் ஓடவிடலாமா, என்ன போடலாம்?" தாராளமா போடலாம். ஆனா ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன், யாராவது பேசிட்டிருக்கும்போது அதுக்கு அடியில மட்டும் ஓடவிடாதீங்க. பேச்சு இல்லாத நேரம்தான் மியூசிக்குக்கு, அதாவது ஆளுங்க வந்து சேர்ற நேரம், இடைவேளை, எல்லாரும் வாயை மூடிட்டு எழுதற படிக்கற நேரம், கடைசில கலையற நேரம். இந்த நாலு இடத்துக்கு எது பொருந்தும்னு பாத்தா போதும், பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

ஏன் பேச்சுக்கு அடியில வேண்டாம்னு சொல்றேன்னா, கல்யாண மண்டபத்துல நாதஸ்வரம் காதைக் கிழிச்சாலும் நாம பக்கத்து நாற்காலிக்காரரோட பேசிட்டுதான் இருக்கோம், மேளம் ஒரு பக்கத்துலேர்ந்து வருது, அவர் குரல் இன்னொரு பக்கத்துலேர்ந்து வருது, ரெண்டு காதும் சேர்ந்து ரெண்டையும் பிரிச்சு எடுத்துக்குது, போதாததுக்கு அவர் வாயசைவையும் பாக்கறோம். ஜூம்ல அந்த வசதி கிடையாது, பேச்சும் பாட்டும் ஒரே சின்ன ஸ்பீக்கர்லேர்ந்து ஒண்ணாக் கலந்து வெளிய வருது. பாட்டை மட்டும் குறைச்சுக்கலாம்னு ஃபோன்ல கேக்கறவர் நினைச்சாலும் அவர் கையில இருக்கறது ஒரே ஒரு வால்யூம் பட்டன், அதைக் குறைச்சா பேச்சும் சேர்ந்து குறையும்.

வலைத்தளங்கள எல்லாரும் பயன்படுத்தற மாதிரி செய்யறதுக்குன்னு டபிள்யூசிஏஜின்னு ஒரு உலக விதித்தொகுப்பு இருக்கு, பதிவு பண்ணின பேச்சுக்கு அடியில மியூசிக் இருந்தா அது பேச்சைவிட குறைஞ்சது 20 டெசிபல் கம்மியா இருக்கணும்ங்கறது அதுல ஒரு விதி, காதுக்கு ஏறத்தாழ நாலுல ஒரு பங்கு சத்தம்னு வச்சுக்கலாம். ஸ்டுடியோல உக்காந்து எடிட் பண்றவங்களுக்கு அது முடியும். நம்ம கூட்டத்துல ஒருத்தர் மைக்கை முழுங்கற மாதிரி பேசுவார், அடுத்தவர் கிணத்துக்குள்ள இருந்து பேசுவார், இதுல யாரை வச்சு 20 டெசிபல் கணக்குப் பண்றது.

முதல் வேலை, கூட்டத்தை நேரம் நேரமா எழுதுங்க

பாட்டுத் தேடப் போறதுக்கு முன்னாடி ஒரு துண்டுப் பேப்பர்ல நிகழ்ச்சியை எழுதிக்குங்க. உதாரணத்துக்கு ராத்திரி ஏழரைக்கு ஆரம்பிக்கற ஒன்றரை மணி நேர வாசிப்புக் கூட்டம்னு வைங்க. 7:20லேர்ந்து 7:30 வரைக்கும் ஆளுங்க வந்து சேர்ற நேரம். 8:10க்கு அஞ்சு நிமிஷ இடைவேளை. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் எல்லாரும் அவங்கவங்க பக்கத்தை மனசுக்குள்ள படிக்கறாங்க. 9 மணிக்கு முடிஞ்சு கையாட்டிட்டுக் கிளம்ப ரெண்டு நிமிஷம். கூட்டிப் பாத்தா மொத்தம் 27 நிமிஷம்தான், இதுக்கு நாலு டிராக் போதும். நூறு பாட்டு வச்ச பிளேலிஸ்ட் எல்லாம் தேவையே இல்ல, அதுல எழுபதாவது பாட்டு என்னன்னு உங்களுக்கே தெரியாது, சரியா தப்பான நேரத்துல வந்து நிக்கும்.

இங்க ஒரு சின்ன விஷயம், ஜூம்ல வெயிட்டிங் ரூம் போட்டு வச்சிருந்தா அங்க நிக்கறவங்களுக்கு நீங்க உள்ள போடற மியூசிக் கேக்காது. சீக்கிரம் வர்றவங்களுக்காகத்தான் போடறீங்கன்னா அவங்கள உள்ள விட்டுட்டுப் போடுங்க.

கேக்கறவங்க எதுல கேக்கறாங்க

நல்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உக்காந்து "ஆஹா"ன்னு ஒரு டிராக் தேர்ந்தெடுப்பீங்க, அந்தப் பக்கம் மதுரைல ஒரு அம்மா அதைச் சமையல் மேடைல குக்கருக்குப் பக்கத்துல சாய்ச்சு வச்ச ஃபோன்ல கேக்கறாங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல அடி ஸ்தாயி சத்தம் ஏறக்குறைய வராது. மிருதங்கத்துல கனமா ஒலிக்கற இடது பக்கம், அதாவது தொப்பி, காணாமப் போயி வலது பக்கத்து வலந்தலையோட டக்கு டக்கு மட்டும் மிஞ்சும், அது யாரோ மேஜையத் தட்டற மாதிரி இருக்கும். கடம் கேக்கவே வேண்டாம். பேஸ் கிட்டார நம்பி நிக்கற மியூசிக்ல வெறும் சலங்கைச் சத்தம்தான் மிச்சம் இருக்கும்.

அதனால தாளக் கருவி கம்மியா இருக்கற, நடு ஸ்தாயில வாசிக்கற டிராக்கா எடுங்க. மீட்டற கருவிங்க, அதாவது வீணை, கிட்டார், அப்புறம் சின்னக் குச்சியால தட்டி வாசிக்கற சந்தூர், பியானோ, இதெல்லாம் இணையத்துல ஓரளவு சேதாரம் இல்லாம வந்து சேரும். வயலினும் புல்லாங்குழலும் கேக்க அழகுதான், ஆனா ரெண்டும் மனுஷக் குரல் இருக்கற இடத்துலயே வந்து உக்காரும், அதனால பேச்சு ஆரம்பிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்திடணும். நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்குன்னே இருக்கற வாத்தியங்கள், சின்ன ஸ்பீக்கர்ல கிறீச்சுனு குத்தும், கல்யாண வீடியோ காட்டறதா இருந்தா மட்டும் வச்சுக்குங்க.

சொல் இருக்கற பாட்டு வேண்டாம், சினிமா மெட்டு அதைவிட வேண்டாம்

வரிகள் இருக்கற பாட்டு ஓடினா படிக்கற வேலை கெடும், மனசு ரெண்டு சொல்லோட்டத்தை ஒரே நேரத்துல பிடிக்கப் பாக்கும். இது எல்லாரும் சொல்றதுதான். யாரும் சொல்லாதது என்னன்னா, சினிமாப் பாட்டை வீணைலயோ கீபோர்டுலயோ வாசிச்ச "இன்ஸ்ட்ருமென்டல்" இருக்கே, அது அதைவிட மோசம். பாட்டுல வரி இல்லைன்னாலும் கேக்கறவன் மண்டைக்குள்ள வரி ஓடிட்டே இருக்கும், அடுத்த வரி என்னன்னு தேடுவான், ஒருத்தர் சாட்ல "இது எந்தப் படம்?"னு போடுவார், இன்னொருத்தர் பதில் போடுவார், மூணாவது ஆள் இல்ல இல்ல அது வேற படம்னு வருவார், போச்சு, பத்து நிமிஷ வாசிப்பு நேரம் பாட்டுக்குப் பாட்டு ஆயிடும். பிரபலமான கீர்த்தனைக்கும் இதே கதிதான், கர்நாடக சங்கீதம் தெரிஞ்ச ரெண்டு பேர் குழுவுல இருந்தா "ஆனந்தபைரவியா, ரீதிகௌளையா?"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. ஆளுங்க வந்து சேர்ற நேரத்துல இப்படி நடந்தா நல்லதுதான், பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும். வேலை பாக்கற நேரத்துல வேண்டாம். அப்ப யாருக்கும் தெரியாத மெட்டா, திரும்பத் திரும்ப வந்தாலும் உறுத்தாத மெட்டாப் பாருங்க.

இன்னொண்ணு, டிராக்கோட சத்தம் ஒரே மட்டத்துல போகணும். ராக ஆலாபனை மெதுவா ஆரம்பிச்சு கடைசில உச்சத்துக்குப் போகும், மேற்கத்திய சிம்ஃபொனியும் அப்படித்தான். முதல் நிமிஷத்துல ஒண்ணும் கேக்கலயேன்னு எல்லாரும் வால்யூமை ஏத்தி வச்சிருப்பாங்க, நாலாவது நிமிஷம் தூக்கிவாரிப் போடும். டிராக்கை முழுசா ஒரு தடவை கேட்டுட்டுதான் எடுக்கணும், முதல் முப்பது விநாடி கேட்டு முடிவு பண்றது ஆகாது.

வேகத்தைப் பொறுத்தவரைக்கும், ஆளுங்க வந்து சேரும்போது நிமிஷத்துக்கு நூறு தட்டு பக்கம் இருக்கறது கொஞ்சம் கலகலப்பா இருக்கும், அமைதியா எழுதற நேரத்துக்கு அறுபது எழுபது போதும். தேடற தளங்கள்ல பிபிஎம்னு (நிமிஷத்துக்கு எத்தனை தட்டுங்கற கணக்கு) போட்டு வடிகட்டலாம்.

ராகத்துக்கு நேரம் பாக்கற பழக்கம் உங்களுக்கு இருந்தா ஒண்ணு யோசிங்க. சென்னைல ராத்திரி ஏழரைன்னா கோடைல லண்டன்ல மத்தியானம் மூணு, டொரான்டோல காலைல பத்து, சிங்கப்பூர்ல ராத்திரி பத்து. இதுல யாருக்கு பூபாளம், யாருக்கு நீலாம்பரி? நேரம் பாக்காம மோகனம், ஹம்சத்வனி மாதிரி எந்நேரத்துக்கும் ஒத்துப்போற ராகத்துல ஒரு வீணை டிராக்கை எடுத்துட்டுப் போயிட்டே இருங்க. முகாரியும் சுபபந்துவராளியும் மட்டும் இடைவேளைல வேண்டாம், டீ எடுக்கப் போனவர் திரும்பி வரும்போது யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்குவார்.

எந்தக் கூட்டத்துக்கு எது

சேர்ந்து படிக்கற குழுவுல பெரும்பாலும் 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வுன்னு பொமோடோரோ கணக்குல போவாங்க. என் கருத்து, அந்த 25 நிமிஷமும் அமைதியா விட்டுடுங்க, யாருக்கு லோ-ஃபை (படிக்கும்போது போட்டுக்கற மெதுவான பின்னணி மியூசிக்) வேணுமோ அவங்க தனியாப் போட்டுக்கட்டும், பொதுவுல ஓய்வு நேரத்துக்கு மட்டும் போடுங்க. மியூசிக் வந்தா எந்திரிக்கலாம், நின்னா உக்காரணும்னு ரெண்டு ரவுண்டுல எல்லாருக்கும் பழகிடும். மழைச் சத்தம், அலைச் சத்தம் போடலாம்னு சிலர் சொல்வாங்க, அது நேர்ல கேக்கத்தான் சுகம், ஃபோன்ல அப்பளம் பொரியற மாதிரி வரும், மைக் வழியா போட்டீங்கன்னா ஜூம் அதை இரைச்சல்னு முடிவு பண்ணி மொத்தமா துடைச்சிடும்.

தியானத்துக்குத் தம்புரா போதும். அதுவும் ஆண் சுருதி ஒரு கட்டை வேண்டாம் (கட்டைன்னா சுருதி எவ்வளவு உயரம்ங்கற கணக்கு), அஞ்சு கட்டை பக்கம் வைங்க, சின்ன ஸ்பீக்கர்ல கூட நாதம் கொஞ்சமாவது கேக்கும். அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்து சேர்ற நேரத்துல மட்டும் மெதுவா ஒண்ணு ஓடட்டும், ரெண்டு நிமிஷ மௌனம்னு அறிவிச்சா மௌனமாவே விடுங்க, அதுல போய் புல்லாங்குழலை நிரப்பாதீங்க.

பிள்ளைங்களோட தமிழ் வகுப்புல தமிழ்த்தாய் வாழ்த்து வரும். 2021 டிசம்பர்ல தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலா அறிவிச்சப்ப மோகன ராகத்துல 55 விநாடில பாடணும், இசைத்தட்டு போடறதைவிட பயிற்சி பெற்றவங்க வாயால பாடணும்னு ஆணை போட்டாங்க. அதனால ஒரு பிள்ளையப் பாடச் சொல்லுங்க. எல்லாரையும் அன்மியூட் பண்ணி சேர்ந்து பாடுங்கன்னு சொல்லிடாதீங்க, இணையத்துல ஒவ்வொருத்தர் குரலும் வேற வேற தாமதத்துல வந்து சேரும், சுமார் முப்பது மில்லிசெகண்ட் தாண்டினாலே சேர்ந்து பாடறவங்க தாளம் தடுமாறும், ஜூம்ல அதைவிட எவ்வளவோ அதிகம். ஒருத்தர் பாட, மத்தவங்க மியூட்ல இருந்துக்கிட்டே கூடப் பாடறதுதான் வழி. பஜனைக் குழுவுக்கும் இதேதான்.

அறுபதாம் கல்யாணம், பிறந்தநாள்னு குடும்பம் கூடற இடத்துல மேல சொன்ன விதிய எல்லாம் தூக்கிப் போடுங்க. சினிமாப் பாட்டுதான் வேணும், வரியோட வேணும், சித்தப்பா காலேஜ் படிச்ச வருஷத்துப் பாட்டா வேணும்.

உரிமை விஷயம்

வீட்டு ஆளுங்க மட்டும் கூடற கூட்டத்துல இது பெரிய தலைவலி இல்ல. யார் வேணா வரலாம்னு லிங்க்கைப் பொதுவுல போடறது, காசு வாங்கறது, ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல ஏத்தறது, ஃபேஸ்புக்ல லைவ் போறது, இதுல எதாவது ஒண்ணு இருந்தா கவனிக்கணும். யூடியூப்ல கன்டென்ட் ஐடின்னு ஒரு தானியங்கி ஏற்பாடு இருக்கு, நீங்க ஏத்தின ரெண்டு மணி நேர உரையாடல்ல நாப்பது விநாடி இடைவேளைப் பாட்டு இருந்தாலும் மோப்பம் பிடிச்சு உரிமைக்காரர் பக்கம் சொல்லிடும், விளம்பரக் காசு அங்க போகலாம், வீடியோவே முடங்கலாம்.

பழைய கீர்த்தனைதானே, தியாகராஜர் 1847லயே போயிட்டாரேன்னு நினைக்காதீங்க. கீர்த்தனைக்கு உரிமை இல்லதான், ஆனா அதை வாசிச்சுப் பதிவு பண்ணின ஆல்பத்துக்குத் தனி உரிமை இருக்கு. இந்தியாவோட 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி பாட்டு எழுதினவர், மெட்டுப் போட்டவர் உரிமை அவங்க ஆயுளுக்கும் அதுக்கப்புறம் 60 வருஷத்துக்கும், ஒலிப்பதிவு உரிமை வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷம். ஆக உங்க குழுவுலயே வீணை வாசிக்கறவங்க இருந்தா தியாகராஜர் கீர்த்தனைய அவங்கள வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணிக்கறதுதான் இருக்கறதுலயே சுத்தமான வழி, யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, குழுவுக்கும் ஒரு அடையாளம் கிடைக்கும்.

இல்லைன்னா யூடியூப் ஸ்டுடியோக்குள்ள ஆடியோ லைப்ரரி இருக்கு, பிக்ஸாபே இருக்கு, இன்காம்பெடெக் தளம் இருக்கு. எடுக்கற டிராக்குக்குப் பக்கத்துல என்ன நிபந்தனைன்னு படிங்க, சிலதுக்குப் பேர் போட்டாகணும், சிலதை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு இருக்கும், கட்டணம் வாங்கற வகுப்புன்னா அந்த வகை உங்களுக்கு ஆகாது. பேர் போடணும்னா இடைவேளைல சாட்ல ஒரு வரி ஒட்டுங்க, வீடியோ ஏத்தும்போது கீழ விவரத்துலயும் போடுங்க.

ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்லேர்ந்து நேரா ஓட்டறது அவங்க விதிப்படி சொந்தமாக் கேக்கறதுக்கு மட்டும்தான். யூடியூப்ல நேரா ஓட்டினா இன்னொரு ஆபத்து, எல்லாரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து நிறுத்தியிருக்கற நேரமாப் பாத்து "உங்கள் பற்களில் கூச்சமா?"ன்னு ஒரு விளம்பரம் வந்து கத்தும். டவுன்லோட் பண்ண அனுமதி இருக்கற டிராக்கைக் கம்ப்யூட்டர்ல இறக்கி வச்சுக்கறதே நல்லது, நெட் மக்கர் பண்ணினாலும் உங்க பக்கம் பாட்டு நிக்காது.

இப்ப ஜூம்ல எப்படிப் போடறது

புதுசா வர்றவங்க பண்றது, ஃபோன்ல பாட்டைப் போட்டு லேப்டாப் மைக்குக்குப் பக்கத்துல பிடிக்கறது. அது வேலைக்கே ஆகாது. மைக் வழியா வர்றதுல பேச்சைத் தவிர மத்ததை எல்லாம் இரைச்சல்னு நினைச்சு ஜூம் வெட்டிடும், நீளமா இழுக்கற ஸ்வரம் பாதில அறுந்து அறுந்து, தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி வரும். சரியான வழி, லேப்டாப்ல ஷேர் பட்டனை அழுத்தி, அட்வான்ஸ்டுக்குள்ள போய் கம்ப்யூட்டர் ஆடியோங்கறதைத் தேர்ந்தெடுக்கறது. ஸ்க்ரீன் எதுவும் போகாது, சத்தம் மட்டும் போகும், இரைச்சல் வெட்டற வேலையும் அதுல நடக்காது. அங்கயே மோனோ, ஸ்டீரியோன்னு கேக்கும், ஃபோன்ல கேக்கறவங்கதான் அதிகம்னா மோனோவே போதும். படத்தோட சேர்த்துக் காட்டணும்னா வழக்கமான ஸ்க்ரீன் ஷேர்ல ஷேர் சவுண்ட்ங்கற கட்டத்துல டிக் போடணும், இதை மறந்துட்டு "கேக்குதா, கேக்குதா"ன்னு கேட்டுட்டு இருக்கறதுதான் பாதிக் கூட்டங்கள்ல நடக்குது.

கம்ப்யூட்டர் ஆடியோன்னா கம்ப்யூட்டர்ல வர்ற எல்லாச் சத்தமும்தான். வாட்ஸ்அப் வெப் டிங்குன்னா அதுவும் போகும். தொடங்கறதுக்கு முன்னாடி நோட்டிஃபிகேஷனை எல்லாம் அடைச்சு வைங்க. அப்புறம், நீங்க ஆடியோ ஷேர் பண்ணிட்டிருக்கும்போது இன்னொருத்தர் ஸ்லைடு போட வந்தா வழக்கமான செட்டிங்ல ஒண்ணு நின்னாதான் ஒண்ணு வரும், அதனால நீங்க நிறுத்தினப்புறம் அவர் ஆரம்பிக்கணும்னு சொல்லி வைங்க.

கூகுள் மீட்ல பாட்டை ஒரு குரோம் டேப்ல திறந்து, அந்த டேபை மட்டும் பிரசென்ட் பண்ணி, டேப் ஆடியோவையும் சேர்க்கற பட்டனை ஆன் பண்ணுங்க, இதுல அந்த டேப் சத்தம் மட்டும்தான் போகும்ங்கறது நிம்மதி. டீம்ஸ்ல ஷேர் பண்ற இடத்துலயே சவுண்டைச் சேர்க்கற பட்டன் இருக்கு.

யாராவது நேர்லயே வீணையோ கிட்டாரோ வாசிக்கறாங்கன்னா கதை வேற. அவங்க ஜூம்ல ஆடியோ செட்டிங் போய் ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ் தேர்ந்தெடுக்கணும், அப்புறம் மீட்டிங்குக்குள்ள மேல அதே பேர்ல ஒரு பட்டன் வரும், வாசிக்கும்போது அதை ஆன் பண்ணிட்டு முடிஞ்சதும் ஆஃப் பண்ணணும், இல்லைன்னா வீட்டு ஃபேன் சத்தம் வரைக்கும் எல்லாருக்கும் கேக்கும். ஒயர் இருக்கற இயர்ஃபோன்தான் மாட்டணும், புளூடூத்ல மைக்கும் சேர்ந்து ஓடினா சத்தத்தோட தரம் ஃபோன் கால் மட்டத்துக்கு இறங்கிடும்.

சத்தம் எவ்வளவுன்னு பாக்கறது

உங்க லேப்டாப்ல கேக்கற அளவை நம்பாதீங்க. பழைய ஃபோன் ஒண்ணுல, வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டால, இன்னொரு பேர்ல அதே கூட்டத்துக்குள்ள வாங்க. அந்த ஃபோனைப் பக்கத்து ரூம்ல வச்சு கதவைச் சாத்திட்டு வாங்க, இல்லைன்னா ரெண்டும் ஒண்ணையொண்ணு கேட்டு ஊளையிடும். வீட்டுல யாரையாவது அங்க நிக்கவச்சு, நீங்க சாதாரணமா ரெண்டு வாக்கியம் பேசுங்க, அப்புறம் மியூசிக் போடுங்க, ஃபோன் வால்யூமைத் தொடாம ரெண்டும் கேக்குதா, பாட்டு வந்ததும் கை தன்னால வால்யூமைக் குறைக்கப் போகுதான்னு பாக்கச் சொல்லுங்க. கை போச்சுன்னா அதிகம். பிளேயர்ல முப்பது சதவீதத்துல ஆரம்பிச்சு மெதுவா ஏத்திட்டு வர்றது நல்லது.

நாலு டிராக்கும் நாலு சத்தத்துல இருந்தா ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள்ல லௌட்னஸ் நார்மலைசேஷன் போட்டு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துடலாம், அதுலயே ஆரம்பத்துல ஃபேட் இன் (சத்தம் மெதுவா ஏறறது), முடிவுல ஃபேட் அவுட் (மெதுவா இறங்கறது) பத்துப் பத்து விநாடி போட்டுக்குங்க. இடைவேளை அஞ்சு நிமிஷம்னா டிராக்கும் சரியா அஞ்சு நிமிஷத்துக்கு வெட்டி வைங்க, "பாட்டு நின்னதும் ஆரம்பிக்கறோம்"னு சொல்லிட்டீங்கன்னா அப்புறம் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல. சடார்னு அறுத்து நிறுத்தறது மட்டும் வேண்டாம், நெட் போச்சுன்னு நினைச்சு பாதிப் பேர் வெளிய போயிட்டு மறுபடி உள்ள வருவாங்க.

முதல் ரெண்டு கூட்டம் முடிஞ்சதும் குழுவுல தனித்தனியாக் கேளுங்க, பொதுவுல கேட்டா எல்லாரும் "சூப்பர்"னுதான் சொல்வாங்க. காது மிஷின் வச்சிருக்கற பெரியவங்களுக்கு மியூசிக் ஒரே இரைச்சலா விழலாம், காதுல சதா ரீங்காரம் இருக்கறவங்களுக்குத் தம்புரா தொல்லையாக்கூட இருக்கலாம், அவங்க வாய் திறந்து சொல்ல மாட்டாங்க, பேசாம வராம நின்னுடுவாங்க. அப்படி ஒருத்தர் இருந்தாலும் படிக்கற நேரத்து மியூசிக்கை எடுத்துட்டு, வந்து சேர்ற நேரத்துக்கும் இடைவேளைக்கும் மட்டும் வச்சுக்குங்க, அப்ப அவங்க வால்யூமை அணைச்சு வச்சாலும் எதையும் தவறவிட மாட்டாங்க, இடைவேளை முடிஞ்சதும் திரையில ஒரு தடவை கையாட்டிடுங்க.

நாலு ஃபைலையும் ஒரு ஃபோல்டர்ல 1 வரவு, 2 இடைவேளை, 3 வாசிப்பு, 4 விடைபெறுதல்னு பேர் போட்டு, இணை ஹோஸ்ட்டுக்கும் ஒரு காப்பி அனுப்பி வைங்க, கரண்ட் போற நாள்ல அவங்க போட்டுப்பாங்க.